சராசரிக் கணித மாணவி நுண்கணிதம் படிக்கலாமா? படிவம் நான்கு பாடத் தேர்வு குறித்து ஒரு கேள்வி

செம்பனை நிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் படிவம் மூன்று, அதாவது இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு எந்தப் பாடத் தொகுப்பை எடுப்பது என்று பெற்றோர் கையெழுத்துடன் எழுதித் தரும்படி பள்ளியிலிருந்து தாள் வந்திருக்கிறது. இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் சேர்ந்த தொகுப்பு ஒன்று. கூடுதல் கணிதம் இல்லாமல் கணக்கியலும் வணிகவியலும் உள்ள தொகுப்பு இன்னொன்று.

கணிதத்தில் அவள் எப்போதும் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில்தான் வாங்குகிறாள். அவளைக் கெட்டிக்காரி என்றும் சொல்ல முடியாது, தேறாதவள் என்றும் சொல்ல முடியாது. மின்பொறியியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருக்கிறது. ஆனால் அது உறுதியானதா என்று கேட்டால் சற்றுத் தயங்குகிறாள். பள்ளியில் ஓர் ஆசிரியர், "இந்த மதிப்பெண்ணுக்குக் கூடுதல் கணிதம் வேண்டாம், அதில் நுண்கணிதம் வரும், தாக்குப்பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் கணக்கியல் தொகுப்பையே எடுத்துவிடலாம் என்கிறாள். நானும் என் மனைவியும் தோட்டத்தில் வேலை செய்கிறோம். எங்கள் இரு வீட்டாரிலும் கூடுதல் கணிதம் படித்தவர் எவரும் இல்லாததால், அந்த ஆசிரியர் சொன்னது எவ்வளவு சரி என்று எடைபோட எங்களுக்கு வழியில்லை. விவரம் தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

வணக்கம் ஐயா. பேராக்கில் பல ஆண்டுகள் கூடுதல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தருவது உங்கள் மகளுக்கு நியாயம் செய்வதாகாது.

முதலில் பாடத்திட்டத்தைப் பாருங்கள். படிவம் நான்கின் கூடுதல் கணிதத்தில் பத்து அலகுகள் உள்ளன: சார்புகள், இருபடிச் சார்புகள், சமன்பாட்டுத் தொகுதிகள், அடுக்குகளும் மடக்கைகளும், தொடர்முறைகள், நேரியல் விதி, ஆயத்தொலை வடிவியல், வெக்டர், முக்கோணங்களின் தீர்வு, குறியீட்டெண்கள். இந்தப் பத்தில் ஒன்றுகூட நுண்கணிதம் இல்லை. நுண்கணிதத்தின் இரு பகுதிகளான வகையிடலும் தொகையிடலும் படிவம் ஐந்தில் இரண்டாம், மூன்றாம் அலகுகளாக வருகின்றன. அந்த ஆண்டின் கடைசி அலகான நேர்கோட்டு இயக்கத்தில் அவ்விரண்டும் மீண்டும் பயன்படுகின்றன. அதாவது, ஒரு மாணவி நுண்கணிதத்தைச் சந்திப்பதற்கு முன் ஓராண்டுக்கு மேல் வேறு கணக்குகளைச் செய்திருப்பாள். என் வகுப்பறைகளில் நான் கண்டது இதுதான்: நுண்கணிதம் கடினம் என்று சொல்லிக் கூடுதல் கணிதத்தை விட்டவர்களில் பெரும்பாலோர் நுண்கணிதத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. அவர்கள் தடுக்கி விழுந்த இடம் படிவம் நான்கின் முதல் சில மாதங்கள், விழவைத்தது இயற்கணிதம்.

மதிப்பெண் அறுபத்தைந்து என்பது தன்னளவில் எதையும் சொல்வதில்லை. வடிவியலிலும் புள்ளிவிவரக் கேள்விகளிலும் மதிப்பெண்ணை இழந்து, இயற்கணிதத்தில் உறுதியாக நிற்கும் ஒரு மாணவி அறுபத்தைந்து வாங்கலாம். அடைப்புக்குறியைப் பெருக்கி விரிக்கும்போதே குறியைத் தவறவிட்டு, மற்ற இடங்களில் ஈடுகட்டும் இன்னொருத்தியும் அதே அறுபத்தைந்தை வாங்கலாம். முதலாமவள் தயங்காமல் கூடுதல் கணிதம் எடுக்கலாம். இரண்டாமவள் எடுப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். இருவரையும் சராசரி என்ற ஒரே பெயரில் அடைத்து வீட்டுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே அவளிடம் இந்த நான்கு கணக்குகளைக் கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், அரை மணி நேரம் போதும். தெரியாத எண்ணைக் 'க' என்று வைத்துக்கொள்வோம். (க − 3)² என்பதை விரித்து எழுதட்டும். க² − 5க − 14 என்பதைக் காரணிப்படுத்தட்டும். 1/க, 1/(க + 1) ஆகிய இரண்டையும் கூட்டி ஒரே பின்னமாக எழுதட்டும். பிறகு, ப = 2(நீ + அ) என்னும் செவ்வகச் சுற்றளவுச் சூத்திரத்தில் அகலமாகிய 'அ'வைத் தனியே பிரித்து எழுதட்டும். அவள் எழுதிய தாளை, தப்பை அழிக்காமல், இங்கே பதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.

கிந்தா அக்கா எழுதியது:

ஆசிரியை அம்மாவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

என் தம்பியும் சராசரி மாணவன்தான். அறிவியல் படித்தால்தான் மதிப்பு என்று உறவினர் எல்லோரும் சொன்னதால் கூடுதல் கணிதம் எடுத்தான். பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் மாறி மாறி வந்தார்கள். டியூஷனுக்கு ஈப்போ வரை போய்வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது இரவு வெகு நேரமாகிவிடும். அந்த ஒரு பாடத்துக்குக் கொடுத்த நேரத்தை மலாய்மொழியும் வரலாறும் இழந்தன. இவ்விரண்டிலும் தேறாவிட்டால், படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் பொதுத்தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வரலாறு 2013 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக இருக்கிறது. அவன் தேறினான். ஆனால் நல்ல தரம் வாங்கியிருக்க வேண்டிய பாடங்களில் வெறும் தேர்ச்சியோடு நின்றான். கூடுதல் கணிதத்திலும் வெறும் தேர்ச்சிக்கு மேலான கிரெடிட் தரம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். எல்லோரும் படிக்கும் கட்டாயக் கணிதப் பாடத்திலேயே நிகழ்தகவு, சிதறல் அளவைகள், வரி, காப்புறுதி, நிதி மேலாண்மை எல்லாம் இருக்கின்றன. தாதிமை, கணக்கியல், வணிகம், ஆசிரியர் பணி என்று போகும் பிள்ளைக்கு நுண்கணிதத்தைவிடப் புள்ளியியல்தான் நாளும் கைகொடுக்கும். பின் எதற்காக ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை இரண்டாண்டுகள் அழவைக்க வேண்டும்? அண்ணா, பிள்ளை தானாகவே கணக்கியல் போதும் என்று சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆற்றோரம் எழுதியது:

நான் கூடுதல் கணிதம் எடுக்காமல் எஸ்.பி.எம். முடித்து, ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் போலிடெக்னிக் என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் டிப்ளோமா படித்தவன். அங்கே சேர்வதற்குக் கூடுதல் கணிதம் இல்லாதது எனக்குத் தடையாக இருக்கவில்லை. ஆகவே, கூடுதல் கணிதம் எடுக்காவிட்டால் பொறியியல் கதவு முழுவதும் மூடிவிடும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், அண்ணா.

ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலிடெக்னிக்கின் பொறியியல் கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் தவறாமல் வருகின்றன. கூடுதல் கணிதம் படித்துவிட்டு வந்த நண்பர்கள் அந்தப் பருவத்தில் தங்களுக்குத் தெரிந்ததை மீண்டும் பார்த்தார்கள். நான் முதன்முறையாகப் பார்த்தேன். அதுவும் ஒரே பருவத்துக்குள், மின்சுற்றுப் பாடங்களோடும் பட்டறை வேலையோடும் சேர்த்து. பள்ளியில் அதே பாடத்துக்குப் பல மாதங்கள் கிடைத்திருக்கும். தப்பு செய்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளவும் முடிந்திருக்கும். மின்பொறியியல் என்பது அவளுடைய உண்மையான விருப்பம் என்றால், நுண்கணிதம் எப்படியும் வரத்தான் போகிறது. எங்கே, எவ்வளவு அவகாசத்தோடு அதைச் சந்திப்பது என்பது மட்டுமே அவள் கையில் இருக்கிறது.

படிவம் ஆறில் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கணிதம் 'டி' பாடத்தின் இரண்டாம் பருவம் முழுவதும் நுண்கணிதம்தான். கலைப்பிரிவு மாணவர்கள் எடுக்கும் கணிதம் 'எம்' பாடத்திலும் அதன் அடிப்படைகள் உண்டு.

செம்பனை நிழல் எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மகள் நேற்று இரவு அந்த நான்கு கணக்குகளையும் செய்தாள். முதல் இரண்டும் கடைசியும் சரி என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார். மூன்றாவதில் 1/க, 1/(க + 1) இரண்டையும் கூட்டி 2/(2க + 1) என்று எழுதியிருக்கிறாள். அது தவறு என்றார்.

எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவள் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க விரும்புகிறாள். கூடுதல் கணிதமும் எடுத்தால் பாடங்களின் எண்ணிக்கை கூடிவிடும். ஆகவே தமிழை விட்டுவிடுவது நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை. அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது சரியான யோசனைதானா?

இலக்கியத்தோழி எழுதியது:

நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இந்த யோசனையை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் வருந்துகிறேன்.

தமிழ்மொழிப் பாடத்தை விடுவதால் கூடுதல் கணிதத்துக்குக் கிடைக்கப்போகும் நேரம் வாரத்தில் மிகச் சிறிதளவுதான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு எழுதவும் வாசிக்கவும் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே மற்ற பாடங்களைவிடக் குறைந்த உழைப்பில் நல்ல தரம் வாங்கக்கூடிய பாடம் அவளுக்கு அதுவே. அதை எடுத்துவிட்டால் அவளுடைய சான்றிதழ் இளைக்குமே தவிர, கணிதம் வலுவடையாது. எனக்குத் தெரிந்து, இந்தக் காரணத்துக்காகத் தமிழை விட்ட பிள்ளைகள் அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்ததாகச் சொல்ல முடியவில்லை.

இலக்கியம் வேறு கணக்கு. செய்யுள், நாவல், நாடகம் என்று வாசிக்க வேண்டியது நிறைய. பல பள்ளிகளில் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் வகுப்பு நடக்கிறது. தனித்து வாசிக்கும் பழக்கம் உங்கள் மகளுக்கு இருந்தால் எடுக்கட்டும். அந்தப் பழக்கம் இல்லாமல், கூடுதல் கணிதத்தையும் புதிதாகத் தொடங்குகிறாள் என்றால், இலக்கியத்தைப் பற்றி மட்டும் மறுபடி யோசிக்கலாம். தமிழ்மொழியைத் தொடவே வேண்டாம் ஐயா.

கொதிகலன் எழுதியது:

நான் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். வேலையில் நுண்கணிதம் எவ்வளவு பயன்படுகிறது என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், ஆலைக்குள் நின்றுகொண்டு தாளில் தொகையிடல் கணக்குப் போடும் தேவை எனக்கு அரிதாகவே வருகிறது. ஆனால் நுண்கணிதத்தின் கருத்து இல்லாமல் ஒரு நாளையும் கழிக்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பழக்குலைகளை அவிக்கும் கலன்களுக்கு நீராவி ஒரே சீராகப் போவதில்லை. அழுத்தத்தை ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றும் முறையில் போகிறது. அதனால் கொதிகலனின் மேற்கலத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் குழாய்கள் சூடேறிச் சேதமடையும், உயிருக்கே ஆபத்து. அந்த மட்டத்தைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, இந்த நொடியில் மட்டம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறது. இரண்டாவது, இதுவரை ஏற்பட்ட விலகல்களை எல்லாம் சேர்த்துக் கூட்டுகிறது, அதுதான் தொகையிடல். மூன்றாவது, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கிறது, அதுதான் வகையிடல். எல்லா ஆலையிலும் மூன்றையும் ஒன்றாக இயக்க மாட்டார்கள். மூன்றாவதை நிறுத்தி வைப்பதும் உண்டு. ஆனால் எதை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்பதை, இம்மூன்றின் பொருள் தெரியாத ஒருவர் ஊகத்தில்தான் செய்ய முடியும். கொதிகலனோடு ஊகம் கூடாது.

நான் எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் சி பிளஸ் வாங்கியவன். வகுப்பில் முதல் வரிசை மாணவன் அல்லன். பொறியாளராக வருவதற்கு நுண்கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கருத்து நன்றாக ஊறியிருக்க வேண்டும். ஊறுவதற்குக் காலம் வேண்டும். ஆற்றோரம் தம்பி சொன்ன அவகாசத்தை நானும் அதனால்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

ஐயா, உங்கள் மகளின் விடைகள் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. காரணிப்படுத்தலும் சூத்திரத்தை மாற்றி எழுதுவதும் வந்துவிட்டன. பின்னத்தில் செய்த தவறு மிகவும் பரவலானது. பகுதிகளைப் பொதுவாக்காமல், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். 1/2, 1/3 என்ற எண்களை வைத்து அவளையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: அவள் முறைப்படி 2/5 வரும், உண்மையான விடை 5/6. இரண்டு பாதிகளைக் கூட்டினாலும் அதே முறையில் பாதிதான் வரும் என்பதைக் கண்டால், அந்தத் தவறு அவளிடம் நெடுநாள் தங்காது.

இனி, நுண்கணிதம் சராசரி மாணவிக்கு எட்டாதது என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரு தேர்வுக் கேள்வியின் வடிவத்தைக் காட்டினால் நீங்களே முடிவு செய்யலாம். பன்னிரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர அட்டை. நான்கு மூலைகளிலும் சம அளவுச் சிறு சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். பெட்டி மிக அதிகமாகக் கொள்வதற்கு எவ்வளவு வெட்ட வேண்டும்?

வெட்டும் அளவைக் 'க' என்று வைத்தால் அடிப்பக்கம் 12 − 2க, உயரம் க. கொள்ளளவு க(12 − 2க)². விரித்தால் 4க³ − 48க² + 144க. இப்போது வகையிடல்: 12க² − 96க + 144. நுண்கணிதம் இந்த ஒரு வரிதான். இதைச் சுழியத்துக்குச் சமன் செய்து 12 ஆல் வகுத்தால் க² − 8க + 12 = 0. காரணிப்படுத்தினால் (க − 2)(க − 6) = 0. ஆறு என்று எடுத்தால் அட்டையே மிஞ்சாது. ஆகவே விடை 2 சென்டிமீட்டர், கொள்ளளவு 128 கன சென்டிமீட்டர். இரண்டாம் முறை வகையிட்டுப் பெருமம்தானா என்று உறுதி செய்வது இன்னொரு சிறு வரி. மற்ற வரிகள் அனைத்தும் உங்கள் மகள் நேற்று இரவு செய்து காட்டிய இயற்கணிதம். அத்தோடு, கேள்வியை வாசித்துப் படம் வரையும் பொறுமை. நுண்கணிதத்தில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்ணை நான் தாள் தாளாகத் திருத்திப் பார்த்திருக்கிறேன். வகையிடும் வரியில் தவறியவர்களைவிட, விரிக்கும் வரியிலும் காரணிப்படுத்தும் வரியிலும் தவறியவர்களே அதிகம்.

கருத்து புரியுமா என்று கேட்பீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு அது முன்பே தெரியும் என்பேன். கோடு போட்டவுடன் பால் வேகமாக வடிகிறது. நேரம் போகப்போக மெதுவாகி, கடைசியில் நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட நொடியில் எவ்வளவு வேகமாக வடிகிறது என்பது வகையிடலின் கேள்வி. அந்த வேகம் மாறிக்கொண்டே இருந்தபோதும் மொத்தத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில் எவ்வளவு சேர்ந்தது என்பது தொகையிடலின் கேள்வி. மேலும் இது முற்றிலும் புதிய உலகமும் அன்று. கட்டாயக் கணிதத்தின் படிவம் இரண்டில் நேர்கோட்டின் சாய்வு வருகிறது. படிவம் நான்கில் இயக்க வரைபடங்கள் என்ற அலகில், வேக–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பே கடந்த தூரம் என்று எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு வந்தால் என்ன செய்வது என்பதே அடுத்த படி.

கிந்தா அக்கா, நீங்கள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. ஒரு பாடத்துக்காக மலாய்மொழியையும் வரலாற்றையும் அடகு வைப்பது சரியன்று. உறவினர் பேச்சுக்காகக் கூடுதல் கணிதம் எடுப்பதும் கூடாது. புள்ளியியல் பற்றி மட்டும் ஒரு திருத்தம்: புள்ளியியலில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களும் நுண்கணிதத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். படிவம் ஐந்தின் கூடுதல் கணிதத்திலேயே ஈருறுப்புப் பரவலும் இயல்நிலைப் பரவலும் இருக்கின்றன. இயல்நிலை வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத்தான் நிகழ்தகவாக அங்கே அட்டவணையிலிருந்து எடுக்கிறார்கள்.

கிந்தா அக்கா எழுதியது:

அம்மா, பெட்டிக் கணக்கை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அளவில் எனக்கும் புரிந்தது. தம்பிக்கு அந்த நேரத்தில் இப்படிச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருக்கலாம்.

என் கவலை முழுவதும் தீரவில்லை. உங்களைப் போன்ற ஆசிரியர் எல்லாத் தோட்டப்புறப் பள்ளிகளிலும் இல்லை. ஒரு பிள்ளை தடுமாறத் தொடங்கினால், அதை யார், எப்போது கவனித்து நிறுத்துவது? என் தம்பி வீட்டில் நாங்கள் எல்லோரும் எஸ்.பி.எம். வரை காத்திருந்தோம். ஆகவே அண்ணாவுக்கு ஒன்று சொல்கிறேன்: எடுப்பதானால், எந்தக் கட்டத்தில் மறுபரிசீலனை செய்வது என்பதை இப்போதே பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை மாற்றிக்கொள்ளப் பள்ளி எதுவரை அனுமதிக்கும் என்று நிர்வாகத்திடம் நேரில் கேளுங்கள். பள்ளிக்குப் பள்ளி அது வேறுபடும். விட வேண்டி வந்தால் அதைத் தோல்வியாகப் பேசாதீர்கள்.

சுண்ணக்கட்டி எழுதியது:

நல்ல கேள்வி. என் அனுபவத்தில் படிவம் நான்கின் முதல் இரண்டு அலகுகளும் அடுக்கு–மடக்கை அலகும் முடியும் கட்டமே சரியான இடம். அவற்றை முடித்த பிறகு மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். வீட்டுப்பாடத்தைத் தனியாக உட்கார்ந்து பாதிக்கு மேல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். கூடுதல் கணிதத்தின் முதல் தேர்வில் முப்பதும் நாற்பதும் வாங்கிப் பிறகு மேலே வந்த பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் விடைத்தாளைப் பார்த்துப் படியெடுக்காமல் ஒரு கணக்கைக்கூடத் தொடங்க முடியவில்லை என்றால், நான் சொல்லும் கட்டத்தில் நிறுத்திக்கொள்வதே அவளுக்கு நல்லது.

தேர்வு அமைப்பும் சராசரி மாணவருக்கு ஓரளவு இடம் தருகிறது. இரண்டாம் தாளின் கடைசிப் பிரிவில் நான்கு கேள்விகளில் இரண்டுக்கு விடை எழுதினால் போதும். அங்கே நேர்கோட்டு இயக்கம் நுண்கணிதத்தைக் கேட்கும். குறியீட்டெண், முக்கோணங்களின் தீர்வு, நேரியல் திட்டமிடல் ஆகியவை கேட்கமாட்டா. நுண்கணிதம் முழுமையாக வசப்படாத மாணவி அந்த மூன்றில் இரண்டை நன்றாகப் பயின்று மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

செம்பனை நிழல் எழுதியது:

இந்த இழையை மகளும் முழுவதும் வாசித்தாள். பெட்டிக் கணக்கைத் தானே ஓர் அட்டையை வெட்டிச் செய்து பார்த்தாள். கொதிகலன் ஐயா எழுதியதை இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு, மின்பொறியியல்தான் வேண்டும் என்கிறாள். ஆகவே கூடுதல் கணிதம் உள்ள தொகுப்பில் கையெழுத்திட முடிவு செய்திருக்கிறோம். தமிழ்மொழி இருக்கும். இலக்கியத்தை அவள் இன்னும் யோசிக்கிறாள். பாடத்தை மாற்றிக்கொள்ளும் கெடுவைப் பற்றி நாளை மறுநாள் பள்ளிக்குப் போய்க் கேட்கிறேன்.

ஆண்டிறுதி விடுமுறையில் அவள் எதைப் படிக்க வேண்டும்? டியூஷனுக்கு இப்போதே அனுப்ப வேண்டுமா?

சுண்ணக்கட்டி எழுதியது:

விடுமுறையில் டியூஷன் வேண்டாம். வரப்போகும் பாடத்தை முன்கூட்டியே அரைகுறையாகப் படிப்பதைவிட, பின்னால் உள்ளதைச் செப்பனிடுவதே இப்போதைய வேலை. கட்டாயக் கணிதப் பாடநூல்களில் படிவம் ஒன்றின் ஐந்தாம், ஆறாம் அலகுகளான இயற்கணிதக் கோவைகளும் நேரியல் சமன்பாடுகளும், படிவம் இரண்டின் இரண்டாம், மூன்றாம் அலகுகளான காரணிப்படுத்தலும் சூத்திரங்களும், பத்தாம் அலகான நேர்கோட்டின் சாய்வும், படிவம் மூன்றின் முதல் அலகான அடுக்குகளும் போதும். உங்கள் மகளுக்குப் படிவம் இரண்டின் இரண்டாம் அலகில் உள்ள இயற்கணிதப் பின்னங்கள்தாம் முதல் வேலை. பழைய பாடநூல்களை ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்; பள்ளியின் பாடநூல் இரவல் அறையில் விடுமுறைக்குத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், அல்லது மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் பயிற்சிநூல் வாங்கிக்கொள்ளலாம்.

நாளுக்கு ஒரு மணி நேரம், கால்குலேட்டர் இல்லாமல். ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியின் கீழ் எழுத வேண்டும். மனத்துக்குள் இரண்டு படிகளைத் தாண்டக் கூடாது. படிவம் நான்கு தொடங்கிய பின் சார்புகளும் இருபடிச் சார்புகளும் நடக்கும் வாரங்களில் எங்கே சிக்கல் என்று தெரியும். டியூஷன் தேவையா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். உயர்கல்வி நுழைவுத் தகுதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மின்பொறியியலுக்கு எந்தெந்தப் பாடங்களில் என்ன தரம் வேண்டும் என்பதை அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. இணையத்தளத்தில் அவளையே தேடி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் முடிந்ததும் அவள் செய்த பின்னக் கணக்குகளைப் படமெடுத்து இங்கேயே பதிவிடுங்கள். நான் திருத்தித் தருகிறேன்.